இது சாட்சிக்கு இல்ல

கொதிக்கிற கெட்டிலில் கை பட்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்க் குழாயைத் திறப்போம். சாட்சி அக்கா அப்படிச் செய்ய மாட்டாள். இதன் மூலமாக ஆண்டவர் என்ன சொல்ல வருகிறார் என்று நின்ற இடத்திலேயே யோசிப்பாள். யோசித்து முடித்துக் குழாயடிக்கு வருவதற்குள் விரலில் கொப்புளம் போட்டிருக்கும். அதனால் என்ன, கெட்டில் இந்த வாரத்துக்கு ஆச்சு, கொப்புளம் அடுத்த வாரத்துக்கு ஆச்சு.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது அதை எழுதிக் கொடுத்ததோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் சாட்சி அக்காதான். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் கொடுத்த பெயர் அது. செருப்புக்கடைக்கு மேல்மாடியில் ஒரு ஹால். வேலை முடிந்து வருகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடுவார்கள், ஜெபிப்பார்கள். பிறகு பாஸ்டரம்மா எழுந்து, "இப்ப சாட்சி நேரம். இந்த வாரம் ஆண்டவர் உங்களுக்குச் செஞ்ச நன்மைய யார் வேணா எழுந்து சொல்லலாம்" என்பார். உடனே பாதிப்பேர் குனிந்து செருப்பைப் பார்ப்பார்கள். காய்ச்சல் விட்டது, பையனுக்கு வேலை கிடைத்தது என்று எழுந்து நின்று சொல்லும்படியான சமாச்சாரம் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு தடவை அமைந்தாலே அதிகம்.

சாட்சி அக்காவுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. ஒன்றுமே நடக்காத வாரத்திலும் அவளுக்கு ஏதாவது நடந்திருக்கும். கைப்பையின் ஜிப் சிக்கிக்கொண்டால், கொஞ்சம் பின்னால் வந்தால்தான் முன்னால் போக முடியும் என்று மனந்திரும்புதலைப் பற்றி ஒரு சாட்சி. லிஃப்ட் பாதியில் நின்றால் பொறுமையைப் பற்றி ஒரு சாட்சி. ஜோடி தொலைந்த ஒற்றைச் சாக்ஸை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஹாலையே அழ வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. கடைசியில் அந்த இன்னொரு சாக்ஸ் கிடைத்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கிடைக்கவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத நீளமான அறை. மேலே தூங்கி எழுந்தவர்களின் விரிப்புகளும் துண்டுகளும் தள்ளுவண்டிகளில் வந்து இறங்கும். மெஷினுக்குள் போவதற்கு முன்னால் கறை பார்க்கும் மேஜை ஒன்று உண்டு. அது அவளுடைய ராஜ்ஜியம். டியூப் லைட்டுக்கு நேராக விரிப்பைத் தூக்கிப் பிடித்தால் போதும், இது மை, இது முட்டை, இது உதட்டுச்சாயம் என்று சொல்லிவிடுவாள். எதற்கு எந்தப் பவுடர், எதற்குச் சுடுதண்ணீர், எதற்குப் பச்சைத்தண்ணீர் என்பதெல்லாம் அவள் கைக்கே தெரியும். அந்த மேஜை பல வருஷம் அவளுக்குச் சாட்சி கொடுத்தது. ஆனால் மனிதர்கள் விரிப்பில் கொட்டுகிற சாமான்களுக்கும் ஒரு கணக்கு உண்டு அல்லவா? ஒரு கட்டத்தில் கறையெல்லாம் தீர்ந்துபோனது. அப்புறம் அவள் வீட்டுக்குள் பார்க்க ஆரம்பித்தாள்.

வீட்டில் இருந்தது அவளுடைய வீட்டுக்காரரும் ஒரே மகளும். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகள் போடும் கூச்சலில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஆனால் குறட்டை விடுவார். அது ஒரு சாட்சியானது. அவர் கால் பெருவிரல் நகம் உள்ளே வளர்ந்து சீழ் வைத்தது. அது இரண்டு வாரம் ஓடியது. பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டு, இடுப்பில் துண்டோடு அவர் கதவைத் தட்டியதும் ஹாலுக்குப் போனது. மறுநாள் பெட்ரோல் பங்க்கில் முன்பின் தெரியாத ஒருவர், "அண்ணே, தாழ்ப்பாள மாத்திட்டீங்களா?" என்று விசாரித்தார். மனிதர் வேனில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல், ஸ்டீயரிங்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பாடு அதைவிட மோசம். அவள் படுக்கையை நனைத்தது, கணக்கில் பெயிலானது, தோழியின் பென்சில் பெட்டியைத் தெரியாமல் எடுத்து வந்தது எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓர் ஆவிக்குரிய பாடம் இருந்தது. அவள் பெரியவளான விஷயம், அவளைப் பெற்ற அப்பனுக்குத் தெரிவதற்கு முன்னால் செருப்புக்கடை மாடிக்குத் தெரிந்தது. அந்த வாரம் மகள் அம்மாவோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இனிமே நான் ஏதாவது சொல்றதுக்கு முன்னாடி 'இது சாட்சிக்கு இல்ல'ன்னு சொல்லுவேன். அப்படிச் சொன்னா நீ அங்க போய்ச் சொல்லக் கூடாது. சரின்னா பேசுவேன். இல்லன்னா பேச மாட்டேன்."

சாட்சி அக்கா சரி என்றாள். வேறு என்ன செய்வது, ஒரே பிள்ளை. வீட்டுக்காரருக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவரும் எதைச் சொன்னாலும் அதைச் சேர்த்துக்கொண்டார். "குழம்புல உப்பு இல்ல, இது சாட்சிக்கு இல்ல." "டயர் பஞ்சர், இது சாட்சிக்கு இல்ல." கடைசியில் ஒரு நாள் அவள் கடுப்பாகி, "என்னங்க, மணி என்னன்னு கேட்டேன், அதுக்குமா?" என்றாள். "யாரு கண்டா" என்றார் அவர்.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அந்த வீட்டில் பேச்சு நடந்தது. மகள் வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், பிடித்தவனைச் சொன்னாள், கல்யாணம் செய்துகொண்டு நகரத்தின் அடுத்த கோடியில் குடியேறினாள். தினம் போன் செய்வாள். முன்னால் அந்த மந்திரத்தைச் சொல்லிவிட்டு, மாமியார் சொன்ன குத்தல், மேனேஜரின் வழிசல், வீட்டுக்காரனோடு போட்ட சண்டை என்று எல்லாவற்றையும் கொட்டுவாள். சாட்சி அக்காவும் வாக்குத் தவறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாக்கு நமநமக்கும். கடித்துக்கொண்டு ஜிப்பையும் லிஃப்டையும் வைத்து ஒப்பேற்றினாள். மகள் தன்னிடம் எல்லாம் சொல்கிறாள் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. சலவை அறையில் விரிப்புக்கு இஸ்திரி போடும் ரோலர் மெஷினில் நிற்கிறவளிடம், "உன் பொண்ணு உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவாளா? என் பொண்ணு பேசுவா" என்று சொல்லிக்கொள்வாள்.

அந்த மகள்தான் ஒரு திங்கட்கிழமை கையில் சின்னப் பையோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். மகள் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே வந்ததும் தன் பழைய கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டாள். உண்டாகியிருந்தாளாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தாளாம். கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடித்து அனுப்பிவிட்டார்கள், வீட்டில் தனியாகப் படுத்திருக்கப் பயமாக இருந்தது, அம்மாவிடம் வந்துவிட்டாள்.

"அம்மா, இது சாட்சிக்கு இல்ல. யாருக்குமே இல்ல. அவங்க வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லல."

"என் வாயிலேர்ந்து வராதும்மா. நீ தூங்கு."

காலையில் விரிப்பில் கறை இருந்தது. சாட்சி அக்கா அதை உருவி எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, அப்படியே பிடித்துக்கொள்ளும். பச்சைத்தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும். தரையில் குந்தி உட்கார்ந்து, தண்ணீரை மாற்றி மாற்றி, கையாலேயே அலசினாள். தேய்க்கும்போது அழுதாள். அந்த நேரத்தில் ஆண்டவர் இதன் மூலமாக என்ன சொல்கிறார் என்று அவள் யோசிக்கவே இல்லை. தன் பிள்ளையின் விரிப்பைத் துவைக்கிறோம், அவ்வளவுதான். இதை இங்கேயே அவள் கணக்கில் வரவு வைத்துவிடுகிறேன், இதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அவளைப் பாராட்ட எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. மகள் சற்றுத் தேறி, எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தாள். "நீ கூட்டத்துக்குப் போயிட்டு வாம்மா, அப்பா இருக்கார்ல" என்றாள். அந்த வாரம் சாட்சி அக்காவிடம் ஜிப்கூட இல்லை. மகளைக் கவனித்ததில் வேறெதையும் கவனிக்க முடியவில்லை. பேசாமல் போய்ப் பேசாமல் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடிக்கடைக்காரி எழுந்தாள்.

இந்தக் கண்ணாடிக்கடைக்காரி யாரென்றால், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவரின் மனைவி. வயதில் இளையவள். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் சாட்சி சொல்வதில் சாட்சி அக்காவுக்கே சவால் விட ஆரம்பித்திருந்தாள். அன்று அவள் சொன்னது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைக் காணோம் என்று தன் கணவர் வீடு முழுக்கத் தேடிய கதை. கடை நிறையக் கண்ணாடி வைத்திருக்கிற மனிதர், முகத்தில் இருப்பது தெரியாமல் தேடினார். நாமும் ஆண்டவரை அப்படித்தானே தேடுகிறோம் என்று முடித்தாள். ஹால் சிரித்தது, சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாஸ்டரம்மா, "எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய வெளிச்சம்" என்று உருகினார். அது வழக்கமாகச் சாட்சி அக்காவுக்குச் சொல்கிற வார்த்தை. அப்புறம் பாஸ்டரம்மா அவள் பக்கம் திரும்பி, "அக்காவுக்கு இந்த வாரம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

அவள் மனசு அப்போது போட்ட கணக்கைப் பாருங்கள். மகள் என்ன சொன்னாள்? சாட்சிக்கு இல்லை என்றாள். சரி, சாட்சியாகச் சொல்ல வேண்டாம். ஜெபக் குறிப்பாகச் சொன்னால்? ஜெபம் பண்ணுவதற்குத்தானே கேட்கிறோம், கேட்டால் பிள்ளைக்குத்தானே நல்லது? பேரைச் சொல்லப்போவதில்லை. பேர் இல்லாவிட்டால் அது யாரோ. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்து, தான் போவதற்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"இது சாட்சி இல்ல, ஜெபக் குறிப்பு" என்று எழுந்தாள். "ஒரு சகோதரி. பேர் வேண்டாம்."

ஆரம்பித்தபோது இரண்டு வரியில் முடித்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் ஹால் அவளையே பார்த்தது. அந்த அமைதி அவளுக்குப் பழகிய அமைதி. அது கிடைத்துவிட்டால் அவளால் உட்கார முடியாது. சகோதரி இழந்ததைச் சொன்னாள். விரிப்பைச் சொன்னாள். சுடுதண்ணீர் ஊற்றினால் ரத்தக் கறை நிலைத்துவிடும், பச்சைத்தண்ணீரில் பொறுமையாக ஊற வைத்தால்தான் போகும், ஆண்டவரும் நம் துக்கத்தை அவசரப்பட்டுக் கொதிக்க வைப்பதில்லை, சாந்தமாக ஊற வைக்கிறார் என்றாள். ஹாலில் ஒருவர் பாக்கியில்லாமல் மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணாடிக்கடைக்காரியே தேம்பினாள். சாட்சி அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. பாஸ்டரம்மா, "அந்தப் பேர் தெரியாத சகோதரிக்காக எல்லாரும் ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். பாதிப்பேர் ஒரு கண்ணை மட்டும் மூடினார்கள். ஏனென்றால் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், நாற்காலி போடும்போது, "பொண்ணு வந்திருக்கா, கொஞ்சம் உடம்பு முடியல, ரெஸ்ட் எடுக்கறா" என்று மூன்று பேரிடம் இவளே சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. பாஸ்டரம்மாவும் இன்னொரு பெண்மணியும் ஆரஞ்சுப் பழங்களோடு வந்திருந்தார்கள். நேராகக் கட்டிலருகில் போய் நின்றார்கள். பேரைச் சொல்லக் கூடாது என்பதில் அவர்களும் கவனமாகத்தான் இருந்தார்கள். பாஸ்டரம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்த்து, "அந்தச் சகோதரி இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

மகளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்தாள். சாட்சி அக்கா ஆரஞ்சுப் பழப் பையை வாங்கி உள்ளே வைக்கப் போவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"அந்தச் சகோதரி கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்காங்க" என்றாள் மகள்.

வந்தவர்கள் ஜெபித்துவிட்டுப் போனதும் சாட்சி அக்கா தானாகவே ஆரம்பித்தாள். "நான் சாட்சியா சொல்லலம்மா. ஜெபக் குறிப்பாத்தான் வச்சேன். பேரே சொல்லல. நாலு பேர் ஜெபம் பண்ணினா உனக்குத்தானே நல்லது."

மகள் துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பெட்ஷீட்டையுமாம்மா சொன்ன?"

வீட்டுக்காரர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில், முழங்காலை மடக்கிக்கொண்டு, மகள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அதற்கப்புறம் மகள் பேசாமல் இருந்துவிடவில்லை. பேசாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. அம்மா போன் செய்தால் உடனே எடுப்பாள், மரியாதையாகப் பேசுவாள்.

"எப்படிம்மா இருக்க?"

"கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்."

"மாப்பிள்ளை?"

"ஆண்டவர் நடத்திட்டு வர்றார்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே, சளியா?"

"சுகம் தருவார்மா. ஸ்தோத்திரம்."

சாட்சி அக்காவின் புத்தியை என்ன சொல்ல. முதல் மாதம் அவள் பூரித்துப்போனாள். பட்ட அடியில் பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா? அதையும் ஒரு வெள்ளிக்கிழமை எழுந்து சாட்சியாகச் சொன்னாள். "இப்பல்லாம் வாயத் திறந்தா ஸ்தோத்திரம்தான்" என்று பெருமையடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டவர்கள் அல்லேலூயா என்றார்கள். வீட்டுக்காரரிடம் வந்து சொன்னபோது அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மெல்ல மெல்லத்தான் அவளுக்கு உறைத்தது. மாமியார் என்ன சொன்னாள், மேனேஜர் மாறினாரா, இரவில் என்ன சமைத்தாள், எதுவும் தெரியவில்லை. தினம் காலண்டர் தாளில் அச்சடித்த வசனத்தோடு பேசுவதுபோல் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தாள். மகள் கதவைத் திறந்து, "வாங்கம்மா" என்றாள். அதுவரை "வாம்மா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சாஸரோடு கூடிய பூப்போட்ட கப்பில் டீ வந்தது. அது விருந்தாளிகளுக்கு என்று கல்யாணத்தின்போது சாட்சி அக்காவே வாங்கிக் கொடுத்த செட். மகளும் அவளும் எப்போதும் குடிக்கிற காது உடைந்த மக் இரண்டும் சிங்க்குக்கு மேலே மாட்டியிருந்ததை அவள் பார்த்தாள். டீயைக் குடித்துவிட்டு, ஜெபித்துவிட்டு, பஸ் ஏறி வந்தாள். வழியெல்லாம் யோசித்தும் அந்தக் கப்பில் அவளுக்கு ஒரு பாடமும் கிடைக்கவில்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான்.

மாதங்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை சாட்சி நேரத்தில் கண்ணாடிக்கடைக்காரி எழுந்தாள்.

"ஒரு சகோதரி. பேர் வேண்டாம்" என்றாள்.

சாட்சி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பாணியை இந்தப் பெண் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

"என் தங்கச்சி குடியிருக்கற அதே பில்டிங்ல மாடி வீட்டுல இருக்காங்க. முன்னாடி ஒரு குழந்தைய இழந்தவங்க. இப்ப ஆண்டவர் மறுபடியும் கண் திறந்திருக்கார். பாவம், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் இல்ல. பெத்தவங்க இதே ஊர்ல இருந்தும் இல்லாத மாதிரி. வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கற நாள்ல என் தங்கச்சிதான் கூட்டிட்டுப் போறா. ஸ்கேன் ரூம்ல தங்கச்சி கையப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சகோதரி அழுதாங்களாம். ரத்த சொந்தம் இல்லன்னா என்ன, விசுவாச சொந்தம்னு ஒண்ணு இருக்குன்னு ஆண்டவர் எனக்குக் கத்துக்கொடுத்தார்."

கண்ணாடிக்கடைக்காரிக்கு அது யாருடைய மகள் என்று தெரியாது. புதியவள், மகளைப் பார்த்ததே இல்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது. மகள் எந்தப் பகுதியில் எத்தனையாவது மாடியில் இருக்கிறாள் என்பதைக்கூட அந்த ஹாலுக்கு முன்னொரு காலத்தில் சாட்சி அக்காதானே விளக்கியிருக்கிறாள், அங்கே லிஃப்ட் நின்ற சாட்சியில். நாற்காலிகள் லேசாகக் கிரீச்சிட்டன. எல்லோரும் அவளைப் பார்க்காமல் பார்த்தார்கள். பாஸ்டரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுவோம்" என்றார். சாட்சி அக்காவும் சொன்னாள். பழக்க தோஷம், அவள் குரல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள். "என்னங்க, அவ உண்டாயிருக்காளாம். உங்களுக்குத் தெரியுமா?"

வீட்டுக்காரர் ரிமோட்டை மேஜைமேல் வைத்தார். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சாட்சிக்கு இல்லன்னு சொன்னா" என்றார் அவர்.

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. மகள் சொன்னதை அப்படியே சொன்னார். சாட்சி அக்கா சமையலறைக்குப் போய் விளக்கைப் போடாமல் நின்றாள். பெற்றவள் அவள். பேரப்பிள்ளை வரப்போகிற செய்தியை நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளோடு சேர்ந்து கேட்டிருக்கிறாள். அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலையும் துடைத்து மடித்து ஒரு பாடமாக்கலாமா என்று புத்தி வழக்கம்போலப் போய்ப் பார்த்தது. மடியவில்லை.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். பஸ் வருமா வராதா என்று நிற்கும்போதே இரண்டு தடவை வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. வந்தது, ஏறிவிட்டாள்.

"வாங்கம்மா. கர்த்தருடைய கிருபையால..." என்று மகள் கதவைத் திறந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள் சாட்சி அக்கா. "நேத்துக் கூட்டத்துல சொன்னாங்க."

மகள் உள்ளே போய்ப் பூப்போட்ட கப்பில் டீ கொண்டுவந்தாள். வயிறு இப்போது நன்றாகத் தெரிந்தது. சாட்சி அக்கா அதைப் பார்க்காமல் சாஸரைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றாள். "இது சாட்சிக்கு இல்ல."

மகள் நிமிர்ந்தாள். அந்த வார்த்தையை அம்மா வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"நேத்து அவ சொன்னப்ப எனக்குச் சந்தோஷம் வரலம்மா. வரணும்ல? பேரப்புள்ள. வரல. அவ தங்கச்சி கைய நீ பிடிச்சேன்னு சொன்னா பாரு, அங்கயே எழுந்து அவ வாயப் பொத்தணும் போல இருந்துச்சு. பொறாமை. அப்பா மேலயும் கோவம். உன்மேலயும் கோவம். ராத்திரி ஜெபம் பண்ண உக்காந்தேன், ஒரு வார்த்தை வரல. அப்பத்தான் அந்த பெட்ஷீட் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும்னு." சாஸரை ஒரு சுற்றுச் சுற்றினாள். "இதுல பாடம் ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்."

மகள் அழுது கட்டிக்கொள்வாள் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது நடக்கவில்லை. அம்மாவை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். "டீ ஆறுது, குடி" என்றாள். 'குடிங்க' என்று சொல்லவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து, "கீழ் வீட்டு அக்காவுக்கு அவங்க அக்கா, அந்தக் கண்ணாடிக்கடைக்காரம்மா, சனிக்கிழமை காலைல போன் பண்ணுவாங்க. உங்க கூட்டத்துல யார் யார் என்ன சொன்னாங்கன்னு எனக்கு எல்லாம் வந்துடும்" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாட்சி அக்கா திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மூளை தன் வேலையைக் காட்டியது. விருந்தாளிக் கப்பும் உடைந்த மக்கும் வந்து நின்றன. ஆண்டவர் வீட்டில் நாம் விருந்தாளியா, பிள்ளையா? எப்பேர்ப்பட்ட சாட்சி. கண்ணாடிக்கடைக்காரி இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. மகள் வீட்டு நிறுத்தத்திலிருந்து தன் நிறுத்தம் வருவதற்குள் முடிவுரை வரைக்கும் தயாராகிவிட்டது. இறங்கும்போது அவளுக்கே தன்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. அந்த வாரம் முழுக்கக் கறை மேஜை முன்னால் நின்றுகொண்டு அந்தக் கப்போடு மல்லுக்கட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. சாட்சி அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோருக்கும் ஆவல். கண்ணாடிக்கடைக்காரிக்கு இதற்குள் யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். முகத்தில் ஈயாடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "நம்ம அக்கா குடும்பத்துல ஆண்டவர் பெரிய காரியம் செஞ்சிருக்கார். அக்கா, வந்து சொல்லுங்க" என்றார்.

சாட்சி அக்கா எழுந்தாள். அந்தப் பழைய அமைதி வந்தது. கப் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அவள் முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"போன சனிக்கிழமை பஸ் ஸ்டாப்புல நின்னேன்" என்றாள். "பஸ் வந்துச்சு. ஏறினேன். ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். ஹால் காத்திருந்தது. ஒருவர் இருமினார்.

"அப்புறம் அக்கா?" என்றார் பாஸ்டரம்மா.

"அவ்வளவுதான் பாஸ்டரம்மா."

"பஸ்ஸுல ஏதாவது..."

"கூட்டம் இல்ல. உக்கார இடம் கிடைச்சுது."

"மகள் விஷயமா ஏதாவது ஜெபக் குறிப்பு இருந்தா..."

"இல்லைங்க" என்றாள் சாட்சி அக்கா. காது மடல் சிவந்திருந்தது. "ஒரு குறிப்பும் இல்ல."

யாருக்கும் எப்படி ஸ்தோத்திரம் சொல்வது என்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் சந்தேகமாகச் சொன்னார். அந்த ஹாலில் அவள் சொன்னதிலேயே படுமோசமான சாட்சி அதுதான் என்று கலையும்போது படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். வயசாகுதுல்ல என்றார் ஒருவர்.

சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. கறை மேஜையில் இருந்தவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மகள்தான்.

"நேத்து என்னவோ பஸ் வந்துச்சுன்னு சொன்னியாமே" என்றாள் மகள்.

"வந்துச்சே. அதான் சொன்னேன்."

அந்தப் பக்கம் மகள் சிரிக்கிறாளா என்று சாட்சி அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோலர் மெஷின் சத்தத்தில் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், தினமும் கேட்பதையே கேட்டாள்.

"எப்படிம்மா இருக்க?"

"ஒரே நெஞ்செரிச்சல்மா" என்றாள் மகள். "எதைத் தின்னாலும் மேல வருது. கால் வேற வீங்குது. ராத்திரி தூக்கமே இல்ல, பயமா இருக்கு, திரும்பவும் அந்த மாதிரி ஆயிடுமோன்னு. அம்மா, இது சாட்சிக்கு இல்ல."

வாய் நுனிவரை வந்த ஸ்தோத்திரத்தைச் சாட்சி அக்கா மென்று விழுங்கினாள். கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டுவிட்டு, சத்தமில்லாத படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.